ஓய்வைப் பகிர்வோம்

நுழையும்முன்

மனித வாழ்நாள் நீண்டுவிட்டது. நீண்ட வாழ்நாளை எவ்வாறு வாழ்வது என்பதை நாம் இப்போதுதான் கற்றுக்கொண்டிருக்கிறோம். முதுமை என்றதும் நோயும் தனிமையும் நம் நினைவுக்கு வருகின்றன. திடலில் ஓடும் கால்களும், வீட்டுப் பொறுப்பை ஏற்கும் கைகளும், ஊருக்கு உதவும் உள்ளமும் அவ்வளவாக நினைவுக்கு வருவதில்லை. உடலோம்பல், இல்லறப் பொறுப்பு, பொதுத்தொண்டு ஆகிய மூன்றும் பிற்கால வாழ்வில் ஒன்றையொன்று எவ்வாறு தாங்கி நிற்கின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

பெயரில்லாத காலம்

பெண்ணின் வாழ்வைப் பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என ஏழு பருவங்களாகப் பகுத்துப் பெயரிட்டனர் நம் முன்னோர். உலா இலக்கியத்தில் பயின்றுவரும் அப்பகுப்பு 40 வயதோடு நின்றுவிடுகிறது. இலக்கியத் தேவைக்காக அமைந்த ஒரு பகுப்பு அவ்வாறு நின்றதில் வியப்பில்லை. அதற்குப் பின்வரும் நெடுங்காலத்தைப் பகுத்துப் பேச இன்றும் நம்மிடம் தனித்தனிச் சொற்கள் இல்லை என்பதே வியப்பு. ஐம்பத்தைந்து வயதில் மிதிவண்டியில் சந்தைக்குச் செல்பவரையும், தொண்ணூறு வயதில் கட்டிலில் கிடப்பவரையும் முதியோர் என்னும் ஒரே சொல்லுக்குள் அடக்கிவிடுகிறோம்.

இந்தியா விடுதலை பெற்ற காலத்தில் இந்தியரின் சராசரி வாழ்நாள் ஏறத்தாழ 32 ஆண்டுகளாக இருந்தது. இன்று அது 70 ஆண்டுகளை எட்டியிருக்கிறது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 60 வயதும் அதற்கு மேலும் உடையோர் 10 கோடிக்கும் மேற்பட்டோர். தமிழ்நாட்டு மக்கள்தொகையில் அவர்களின் பங்கு 10.4 விழுக்காடு. நாட்டின் சராசரியைக் காட்டிலும் இது மிகுதி. பத்துப் பேர் கூடியிருக்கும் இடத்தில் ஒருவர் மூத்தவர் என்று கொள்ளலாம்.

அறுபது வயதை எட்டிய ஒருவர் சராசரியாக மேலும் 18 ஆண்டுகள் அளவுக்கு வாழ்கிறார். மேல்நிலை வகுப்பில் அமர்ந்து இப்பாடத்தைப் படிக்கும் நீங்கள், பிறந்த நாள்தொட்டு இன்றுவரை வாழ்ந்த காலமும் ஏறத்தாழ அவ்வளவே. தவழ்ந்தது, பேசியது, எழுதப் பழகியது, மிதிவண்டி ஓட்டக் கற்றது, நட்புக் கொண்டது, பிணங்கியது, எதிர்காலத்தைப் பற்றிக் கனவு கண்டது ஆகிய அனைத்தும் அந்த ஆண்டுகளுக்குள் அடங்கும். அவ்வளவு நீண்ட காலத்தை ஒருவர் சாய்வு நாற்காலியில் அமர்ந்து நாளிதழ் படித்தே கழிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது முறையாகுமா?

யாருக்கு ஓய்வு?

பணியிலிருந்து விடைபெறுவோருக்கு நம் ஊர்களில் பணி நிறைவு பாராட்டு விழா எடுப்பது வழக்கம். மாலை சூட்டுவர், பொன்னாடை போர்த்துவர், நினைவுப் பரிசு வழங்குவர், உடன் பணியாற்றியோர் வீடுவரை வந்து விட்டுச் செல்வர். மேடையில் அவருடைய மனைவியும் அமர்ந்திருப்பார். அவருக்கும் ஒரு மாலை உண்டு. கணவரின் உழைப்புக்குத் துணைநின்றவர் என்று யாரேனும் ஒருவர் அவரைப் பற்றி ஒரு சொல் சொல்வார்.

மறுநாள் விடியலில் கணவருக்கு விரைந்து எழவேண்டிய கட்டாயம் இல்லை. மனைவி எப்போதும்போல் எழுந்து வாசல் தெளித்துக் கோலமிடுவார், பால் காய்ச்சுவார், பேரக்குழந்தைகளின் சோற்றுப் பாத்திரங்களை நிரப்புவார். அவருக்குப் பணி நிறைவு நாள் என ஒன்று நாட்காட்டியில் இல்லை. மனைவியும் அலுவலகம் சென்று ஓய்வுபெற்றவர் என்றால், அவருடைய இரண்டு பணிகளில் ஒன்று மட்டுமே நிறைவுற்றிருக்கும்.

நடுவண் அரசு 2019ஆம் ஆண்டில் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்றை நடத்தியது. மக்கள் ஒரு நாளின் 24 மணி நேரத்தை எவ்வாறு செலவிடுகின்றனர் என்பதை அது அளந்தது. ஊதியமில்லாத வீட்டுவேலையில் ஈடுபட்ட பெண்கள் நூற்றுக்கு 81 பேர். ஆண்கள் நூற்றுக்கு 26 பேர். அவ்வாறு ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களை அதற்குச் செலவிட்டனர். ஆண்கள் செலவிட்ட நேரம் 97 நிமிடங்கள். ஏறத்தாழ ஐந்து மணி நேரம் என்பது அரைநாள் அலுவலகப் பணிக்கு மேலானது. வயது ஏறுவதால் மட்டும் இவ்வேலை தானாகக் குறைந்துவிடுவதில்லை.

முதுமையைப் பற்றிய நம் பேச்சில் இவ்வேறுபாடு இடம்பெறுவது அரிது. ஒருவருக்கு ஓய்வு மிகுந்து அதுவே சுமையாகிவிடுகிறது. மற்றவருக்கு ஓய்வு வாய்ப்பதே இல்லை. எனவே பிற்கால வாழ்வு செழிக்க வேண்டுமானால், இல்லத்திலுள்ளோர் ஓய்வையும் உழைப்பையும் புதிதாகப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும் என்பதே என் துணிபு. உடலுக்கு ஓட்டம், வீட்டுக்குப் பொறுப்பு, ஊருக்குத் தொண்டு என அப்பங்கீட்டை மூன்றாக வகுக்கலாம். திருக்குறளில் மடியின்மை, இல்வாழ்க்கை, ஒப்புரவறிதல் என மூன்று அதிகாரங்கள் இருப்பதை இங்கு எண்ணிப் பார்க்கலாம். சோம்பலின்மையும் இல்லறக் கடமையும் உலகுக்கு உதவும் பண்பும் இளமைக்கு மட்டும் உரியவை அல்ல.

ஓடும் கால்கள்

பஞ்சாபைச் சேர்ந்த ஃபௌஜா சிங் மனைவியையும் மகனையும் அடுத்தடுத்து இழந்த துயரில் இருந்தவர். இங்கிலாந்தில் குடியேறிய அவர், எண்பது வயதைக் கடந்த பிறகு ஓட்டத்தில் முனைந்து ஈடுபட்டார். 2000ஆம் ஆண்டு இலண்டன் மாரத்தானில் அவர் முதன்முதலாக ஓடியபோது அவருக்கு வயது 89. 2011இல் டொரண்டோ மாரத்தானின் 42.195 கிலோமீட்டர் தொலைவையும் நூறு வயதில் கடந்தார். பிறப்புச் சான்றிதழ் இல்லாமையால் கின்னஸ் நூல் அச்செயலைப் பதிவு செய்யவில்லை. ஆயினும் உலகம் அவரைக் கொண்டாடத் தவறவில்லை. பஞ்சாபைச் சேர்ந்த மன் கௌர் என்னும் மூதாட்டி 93 வயதில் ஓடத் தொடங்கி, 2017இல் ஆக்லாந்தில் நடந்த உலக மூத்தோர் விளையாட்டுப் போட்டியில் 100 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். அப்போது அவருக்கு வயது 101. நம் மாநிலத்தில் கோயம்புத்தூரைச் சேர்ந்த நானம்மாள் தொண்ணூறு வயதைக் கடந்தும் யோகாசனம் கற்பித்து வந்தார். 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

இவர்களைப் போல எல்லாரும் ஆகவேண்டும் என்பதில்லை. முதுமையின் எல்லை நாம் கோடு கிழித்து வைத்திருக்கும் இடத்தில் இல்லை என்பதை இவர்கள் காட்டுகின்றனர், அவ்வளவே போதும்.

முதுமையில் உடலுக்கு நேர்வது என்ன? நடுவயதைக் கடந்ததும் தசைகள் சிறிது சிறிதாக வலுவிழக்கின்றன. எலும்பின் அடர்த்தி குறைகிறது. உடலை நிலைப்படுத்தும் ஆற்றலும் தளர்கிறது. குளியலறையில் கால் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்து, அதன்பின் எழாமலே போன மூத்தோர் ஒருவரையாவது நம் தெருவில் நாம் அறிந்திருப்போம். தசைக்கு வேலை கொடுத்தால் அதன் தளர்ச்சி குறையும். எலும்பும் தன்மேல் விழும் எடையைத் தாங்கப் பழகியே உறுதி பெறுகிறது. கிணற்றில் நீர் இறைத்தும், உரலில் மாவாட்டியும், வயலுக்கு நடந்தும் முன்னோர் பெற்ற பயிற்சியை இன்று நாம் தேடிச் சென்று பெறவேண்டியுள்ளது. குழாய்நீரும் மின்விசைக் கருவிகளும் நம் உழைப்பைக் குறைத்தன, அது நன்மையே. ஆனால், குறைந்த உழைப்பை ஈடுசெய்ய வேறு வழி காண்பது நம் பொறுப்பு.

ஓட்டம் என்றதும் விரைவை நினைக்க வேண்டியதில்லை. ஐம்பதைக் கடந்தவர் முதலில் மருத்துவரிடம் குருதியழுத்தம், சர்க்கரை, இதயநலம் ஆகியவற்றை ஆய்ந்து ஒப்புதல் பெறவேண்டும். சில வாரங்கள் நடந்து பழகவேண்டும். பின்னர், சில நிமிடம் நடை, ஒரு நிமிடம் மெல்லோட்டம் என மாற்றி மாற்றிச் செல்லலாம். உடன் வருபவரோடு பேசிக்கொண்டே ஓட முடிகிற விரைவே உரிய விரைவு. மூச்சிரைத்துச் சொல் தடைப்பட்டால் வேகத்தைக் குறைக்க வேண்டும். மார்பில் வலியோ தலைச்சுற்றலோ தோன்றினால் உடனே நிறுத்தி மருத்துவரை நாட வேண்டும். ஓடினால் முழங்கால் மூட்டு தேய்ந்துவிடும் என்னும் அச்சம் பரவலாக உள்ளது. நலமான மூட்டுகளை உடையவர் அளவோடு ஓடுவதால் தேய்மானம் மிகுவதாகச் சான்றுகள் காட்டவில்லை. உடல் எடை மிகுவதும் அசைவின்றி இருப்பதும் மூட்டுக்குக் கூடுதல் தீங்கு செய்பவை. முன்பே மூட்டுநோய் உற்றோருக்கு நடையும் நீச்சலும் ஏற்றவை.

தெரியுமா?

65 வயதும் அதற்கு மேலும் உடையோர் வாரந்தோறும் 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடற்பயிற்சியோ, 75 முதல் 150 நிமிடங்கள் தீவிரமான உடற்பயிற்சியோ மேற்கொள்ள வேண்டும் என உலக நலவாழ்வு நிறுவனம் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் பரிந்துரைத்துள்ளது. வாரத்தில் இரண்டு நாளேனும் தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும், கீழே விழாமல் காக்கும் சமநிலைப் பயிற்சியை உள்ளடக்கிய உடற்செயல்பாடு மூன்று நாளேனும் தேவை என்றும் அது கூறுகிறது.

அந்த ஒரு மணி நேரம்

விடியற்காலையில் எங்கள் ஊர்ப் பள்ளித் திடலுக்குச் சென்றால் ஓர் உண்மை கண்ணில் படும். அங்கு நடப்போரிலும் ஓடுவோரிலும் பெரும்பாலோர் ஆண்கள். ஓய்வுபெற்ற நடத்துநர், கடைக்காரர், அஞ்சலக ஊழியர் எனப் பலரும் வட்டமிட்டுக்கொண்டிருப்பர். புடவையும் ஓட்டக் காலணியுமாக விரைந்து நடக்கும் பெண்கள் மூவரோ நால்வரோ இருப்பர். அவர்களும் ஆறு மணி அடிக்குமுன் கிளம்பிவிடுவர். ஆண்களோ திடலோரத் தேநீர்க் கடையில் நின்று அரசியல் பேசிவிட்டு ஏழு மணிக்குமேல் வீடு திரும்புவர்.

பெண்களுக்கு உடல்நலத்தில் அக்கறை குறைவு என்பது இதற்குக் காரணம் அன்று. வெயில் ஏறுமுன் ஓடுவதற்கு ஏற்ற அதே ஒரு மணி நேரத்தில்தான் அடுப்படியும் அவர்களை அழைக்கிறது. அலுவலகம் செல்லும் மகனுக்கும் மருமகளுக்கும், பள்ளி செல்லும் பேரனுக்கும் உணவு அணியமாக வேண்டும். கணவர் திடலில் ஓடும் ஒரு மணி நேரம், மனைவி அடுப்படியில் நிற்கும் ஒரு மணி நேரத்தால் வாய்த்தது. அவருடைய உடல்நலத்துக்கு இவருடைய உழைப்பே முதலீடு. இக்கணக்கை எந்த ஓட்டப் போட்டியின் பதக்கமும் காட்டுவதில்லை.

ஆகவே, பிற்காலத்து ஓட்டத்தைப் பற்றிப் பேசுவோர் வீட்டைப் பற்றியும் பேசியாக வேண்டும். வாரத்தில் மூன்று நாள் கணவர் ஓடட்டும். மூன்று நாள் மனைவி நடக்கவோ ஓடவோ செல்லட்டும். மனைவி திடலில் இருக்கும் நாளில் இட்லித் தட்டில் மாவை ஊற்றி வைப்பது கணவருக்குக் கடினமான செயல் அன்று. முப்பது ஆண்டுகள் ஓர் அலுவலகத்தின் கோப்புகளைப் பிழையின்றிப் பேணியவருக்குப் பருப்பு எந்தக் கலத்தில் இருக்கிறது, எரிவாயு உருளை எப்போது தீரும், பால் கணக்கு எவ்வளவு என்பனவற்றை அறிந்துகொள்வது எளிதே. கற்க வேண்டியது சமையல் மட்டுமன்று. யாரும் சொல்லாமலே வேலையைக் கண்டறிந்து செய்யும் பாங்கையும் கற்க வேண்டும். 'என்ன செய்யட்டும், சொல்' என்று கேட்டு நிற்பவர் வேலையின் பாதியைத்தான் ஏற்கிறார். நினைவில் வைத்திருக்கும் சுமை மனைவியிடமே தங்கிவிடுகிறது.

இதில் கணவருக்கும் ஒரு காப்பு உண்டு. சமைக்கவும் துணி துவைக்கவும் அறியாத ஆண், துணைவியை இழக்கும் நாளில் துயரோடு இயலாமையையும் சேர்த்துச் சுமக்கிறார். பசித்தால் ஒரு குவளைக் கஞ்சி வைத்துக்கொள்ளத் தெரிந்தவருக்குப் பிறரை எதிர்பார்த்து நிற்கும் தாழ்வு இல்லை. அதேபோல, வங்கிக் கணக்கையும் ஓய்வூதிய ஆவணங்களையும் கணவர் பொறுப்பிலேயே விட்டுவிட்ட பெண், அவரை இழந்தபின் அலுவலகப் படிகளில் ஏறி இறங்கித் தவிக்க நேர்கிறது. ஒருவர் அறிந்ததை மற்றவருக்குக் கற்பித்து வைப்பதே முதுமையில் கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் தரத்தக்க நல்ல கொடை எனலாம்.

பேரக்குழந்தைகளைப் பேணுவதும் இவ்வாறே பகிரப்பட வேண்டும். பேரனை மடியில் வைத்துக் கொஞ்சுவது தாத்தாவுக்கும், அவனைக் குளிப்பாட்டிச் சோறூட்டி உறங்க வைப்பது அப்பாவுக்கோ அம்மாவுக்கோ அன்றி ஆச்சிக்கும் என்று பிரிந்து கிடக்கும் இல்லங்கள் பல. குழந்தை வளர்ப்பு மூத்தோருக்கு மகிழ்ச்சி தருவது உண்மையே. அம்மகிழ்ச்சி நீடிக்க வேண்டுமானால் அவர்களின் ஒப்புதலைக் கேட்டே அப்பணியை ஒப்படைக்க வேண்டும். வாரத்தில் ஒரு நாளேனும் விடுப்பும் தரவேண்டும்.

ஊருக்கு ஒரு நாள்

உடல் நலமாக இருந்து, வீட்டுச் சுமையும் பகிரப்பட்டால், இருவருக்கும் சிறிது நேரம் எஞ்சும். அந்நேரத்தில் ஒரு பகுதி ஊருக்கு உரியது. பல்லாண்டுப் பணியில் ஈட்டிய அறிவு ஓய்வுபெறும் நாளில் அழிந்துவிடுவதில்லை. செவிலியராக இருந்தவருக்குக் காய்ச்சலின் போக்குத் தெரியும். கணக்கராக இருந்தவருக்கு விண்ணப்பம் எங்கே தடைப்படும் என்பது தெரியும். உழவருக்கு விதையின் தரம் தெரியும். பல ஆண்டுகள் வீட்டுச் செலவைச் சமாளித்த பெண்ணுக்குச் சிக்கனத்தின் நுணுக்கமெல்லாம் தெரியும். இவை ஊரின் பொதுச் சொத்தாக மாறவேண்டும்.

தூத்துக்குடி மாவட்டம் ஸ்ரீவைகுண்டத்தில் கல்லூரி நூலகராகப் பணியாற்றிய பாலம் கல்யாணசுந்தரம், பணியில் இருந்தபோது தம் ஊதியத்தை ஏழையர்க்கு வழங்கியவர். பணி ஓய்வுக்குப் பிறகும் அவர் தொண்டை விடவில்லை. கொடுக்க விரும்புவோரையும் பெறவேண்டியோரையும் இணைக்கும் பாலமாகத் தம் அமைப்பை நடத்தினார். அவருடைய சமூகப் பணிக்காக 2023இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. அத்தகைய முழுமையான அர்ப்பணிப்பு எல்லார்க்கும் இயலாது, தேவையும் இல்லை. வாரத்தில் ஒரு நாள், ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் தவறாது சென்று நின்றாலே ஒரு பயன் விளையும்.

தன்னார்வப் பணி தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. 1990களின் தொடக்கத்தில் நடந்த அறிவொளி இயக்கத்தில் இளைஞர்கள் ஊதியம் பெறாமல் மாலைதோறும் தெருவிளக்கு வெளிச்சத்திலும் திண்ணையிலும் முதியோருக்கு எழுத்தறிவித்தனர். புதுக்கோட்டை மாவட்டத்தில் அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் ஊக்குவிக்க, கல் உடைக்கும் பெண்களும் வயல்வேலை செய்யும் பெண்களும் எழுத்தோடு மிதிவண்டி ஓட்டவும் கற்றனர். பிறர் துணையின்றி ஓரிடம் செல்லும் உரிமையை அம்மிதிவண்டி அவர்களுக்கு அளித்தது. அன்று இருபது, முப்பது வயதில் கற்பித்த அத்தன்னார்வலர்கள் இன்று ஐம்பதையும் அறுபதையும் கடந்திருக்கின்றனர். எழுத்தறியாதோரைக் கண்டறிந்து அருகில் அமர்ந்து கற்பிக்கும் கலை அவர்களிடம் இருக்கிறது. 2022 முதல் நடைபெறும் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டமும் தன்னார்வலர்களையே நம்பியுள்ளது. பழைய அனுபவமும் புதிய தேவையும் கைகோக்க வேண்டிய இடம் இது.

இன்று எழுத்தறிவு என்பதன் பொருளும் விரிந்துள்ளது. கைப்பேசியில் வரும் கடவெண்ணை யாரிடமும் சொல்லக்கூடாது என்பதை ஒரு மூதாட்டிக்குப் புரியவைப்பதும் எழுத்தறிவுப் பணியே. அரசு மருத்துவமனையின் புறநோயாளர் பிரிவில் எந்த வரிசையில் நிற்பது எனத் தெரியாமல் திகைப்பவருக்கு வழிகாட்டலாம். ஊர்ப்புற நூலகத்தில் மாலையில் குழந்தைகளுக்குக் கதை சொல்லலாம். உடல்நலம் இடந்தந்தால் 65 வயது வரை குருதிக்கொடை அளிக்கச் சட்டம் ஒப்புகிறது. புதிதாகக் கொடை அளிப்போர் அறுபதுக்குள் தொடங்க வேண்டும்.

தொண்டுக்கும் சில வரையறைகள் தேவை. ஊதியம் கொடுத்து ஒருவரை அமர்த்த வேண்டிய பணியிடத்தைத் தன்னார்வலரைக் கொண்டு நிரப்புவது, வேலை தேடும் இளைஞருக்குத் தீங்கு செய்வதாகும். தொண்டு செய்யச் சென்ற இடத்தில் பழைய பதவியின் மிடுக்கோடு பிறரை ஏவுவது தொண்டாகாது. ஊர் மேடையில் சேவைச் செம்மல் எனப் பட்டம் பெற்றவர், வீட்டில் தாம் உண்ட தட்டைக் கழுவி வைப்பதில்லை என்றால் அப்பட்டத்துக்குப் பொருளில்லை. ஒப்புரவு தன் வாசற்படிக்கு உள்ளிருந்து தொடங்க வேண்டும்.

சில மறுப்புகள்

'வாழ்நாளெல்லாம் உழைத்து ஓய்ந்தவர்களை மீண்டும் ஓடச் சொல்வது இரக்கமற்ற செயல் அன்றோ?' எனச் சிலர் வினவலாம். இவ்வினாவில் நியாயம் உண்டு. நம் நாட்டில் பெரும்பாலோர் அமைப்புசாராத் தொழிலில் இருப்பவர்கள். அவர்களுக்குப் பணி நிறைவும் இல்லை, ஓய்வூதியமும் இல்லை. எழுபது வயதில் ஊரக வேலைத்திட்டத்தில் மண் சுமக்கும் மூதாட்டியிடம் உடற்பயிற்சியைப் பற்றிப் பேசுவது பொருந்தாது. அவருக்குத் தேவை ஓய்வும், காலந்தவறாது கிடைக்கும் உதவித்தொகையும், அருகிலேயே மருத்துவமும் ஆகும். நோயுற்றோருக்கும் மாற்றுத்திறனாளர்க்கும் அவரவர் நிலைக்கேற்ற வாழ்வே சிறப்பு. ஓய்வைப் பங்கிட வேண்டும் என்னும் கருத்து, ஓய்வே கிடைக்காதவர்களை முதலில் நினைக்கச் சொல்கிறது.

'இவையெல்லாம் தனிமனிதர் செய்துகொள்ள வேண்டியவை. இதில் அரசுக்கும் சமூகத்துக்கும் என்ன பங்கு?' என்றும் வினவலாம். ஃபௌஜா சிங்கின் முடிவு இதற்கு விடை சொல்கிறது. நூறு வயதைக் கடந்தும் நடந்து திரிந்த அவர், 2025 சூலையில் தம் ஊருக்கு அருகே வாகனம் மோதி உயிரிழந்தார். நூறாண்டு கடந்தும் தளராத கால்களுக்குச் சாலையில் காப்பு இல்லாமல் போயிற்று. நடைபாதையைக் கடைகளும் வாகனங்களும் அடைத்துக்கொள்ளும் ஊரில், மூத்தோர் நடக்கவும் ஓடவும் இடம் ஏது? பள்ளித் திடல்களைக் காலையிலும் மாலையிலும் ஊரார்க்குத் திறந்துவிடலாம். திடலில் விளக்கும் பெண்களுக்குக் கழிப்பறையும் இருந்தால், நடக்க வரும் பெண்களின் எண்ணிக்கை உயரும். மூத்தோர் சாலையைக் கடக்கும் அளவுக்குப் போக்குவரத்து விளக்குகள் காத்திருக்க வேண்டும்.

இளையோர் கடன்

மூத்தோரின் வழியில் சில வேளைகளில் நாமே தடையாக நிற்கிறோம். அத்தடை பெரும்பாலும் அன்பின் வடிவில் வருகிறது. 'இந்த வயதில் உங்களுக்கு எதற்குத் தாத்தா ஓட்டம்?', 'நீங்கள் ஏன் ஆச்சி வெளியே அலைகிறீர்கள்? பேசாமல் உட்காருங்கள்' என்று சொல்வது அக்கறை போலவே ஒலிக்கும். தினமும் கேட்டால் அச்சொற்கள் ஒரு மனிதரை மெல்ல மெல்ல அமர்த்திவிடும். முதலில் நடை குறையும்; பின் நட்பு குறையும்; பின் பேச்சும் குறையும். பேசாமல் உட்காருங்கள் என்பதே சில ஆண்டுகளில் உண்மையாகிவிடும்.

பெற்றோரையும் மூத்த குடிமக்களையும் பேணுதல் பிள்ளைகளின் கடமை என 2007ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுத்துள்ளது. உணவு, உடை, உறையுள், மருத்துவம் ஆகியவற்றைச் சட்டத்தால் பெற்றுத்தர இயலும். ஒரு மனிதர் தம்மால் இன்னும் பயன் உண்டு என்று உணரும் நிறைவைச் சட்டத்தால் தர இயலாது. அதை வீட்டிலுள்ளோரே தரவேண்டும்.

இதற்கு நீங்கள் செய்யத்தக்கது ஒன்று உண்டு. உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ உள்ள மூத்த பெண்மணி ஒருவரிடம், நாள்தோறும் ஒரு மணி நேரம் முழுமையாகத் தமக்கென்று கிடைத்தால் என்ன செய்ய விரும்புவார் எனக் கேட்டுப் பாருங்கள். பலருக்கு உடனே விடை வராது. அப்படி ஒரு வினாவை அவர்களிடம் யாரும் கேட்டதில்லை. அவர் நடக்க விரும்பலாம். கோயிலுக்கோ தோழி வீட்டுக்கோ போக விரும்பலாம். இடையில் விட்ட தையலையோ படிப்பையோ தொடர விரும்பலாம். ஒன்றும் செய்யாமல் சற்று உறங்க விரும்பலாம். விடை எதுவாயினும், அந்த ஒரு மணி நேரத்துக்குரிய வேலையை வீட்டிலுள்ள வேறொருவர் ஏற்றால்தான் அது அவருக்குக் கிடைக்கும். பாத்திரம் துலக்குவதையோ தண்ணீர் பிடிப்பதையோ தம்பிக்குப் பாடம் சொல்லித் தருவதையோ நீங்கள் ஏற்கலாம். ஓய்வுபெற்ற தாத்தாவையும் துணைக்கு அழைத்துக்கொள்ளுங்கள். அவர் மறுக்கக்கூடும், இரண்டாம் முறையும் அழையுங்கள்.